முதல் ட்வின் டிப்: 900 வெள்ளிக்குள் என்ன வாங்கலாம்?

கேள்வி: அக்கா, வணக்கம். நவம்பரில் எனக்கு ஓஆர்டி, தேசிய சேவை முடியும் நாள். தேசிய சேவையில் இருந்தபடியே 900 வெள்ளி சேர்த்திருக்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் நண்பர்களோடு பத்து நாள் ஹொக்கைடோ போகிறேன். இதுவரை மூன்று பயணங்களில் 18 நாள் பனியில் சறுக்கியிருக்கிறேன், எல்லாம் வாடகை ஸ்கீதான். நடுத்தரக் கடினமான சிவப்புச் சரிவுகளில் தடுமாறாமல் இறங்குவேன். இந்த முறை சொந்தமாக ட்வின் டிப், அதாவது இரு முனையும் மேலே வளைந்த ஸ்கீ வாங்கி, பின்பக்கமாகச் சறுக்கவும் தாவல் மேடுகளும் கம்பிகளும் வைத்த பார்க்கில் சின்னச் சின்னத் தாவல்கள் பழகவும் ஆசை. பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் ஒருவர் 181 செ.மீ. நீளமும் நடுவில் 106 மி.மீ. அகலமும் உள்ள ஜோடியை, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கோடு 350 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். என் உயரம் 172 செ.மீ., எடை 66 கிலோ. "அகலமாக இருந்தால் பௌடர் பனிக்கும் ஆகும், எடுத்துவிடு" என்கிறார்கள் நண்பர்கள். எடுக்கலாமா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: வேண்டாம், தம்பி. அந்த ஸ்கீ மட்டம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் உடம்புக்கும், நீங்கள் போகிற மாதத்துக்கும், பழக நினைக்கிற வித்தைக்கும் அது பொருந்தாது.

முதலில் மாதம். ஹொக்கைடோவின் பேர்பெற்ற பௌடர் பனி கொட்டிக் குவிவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும். டிசம்பர் தொடக்கத்தில் போனால், இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த கெட்டியான சரிவுகளில்தான் உங்கள் நாள்கள் பெரும்பாலும் கழியும். அடுத்த ஆண்டு கொரியா போனாலும் அந்த மாதத்தில் காலடியில் இருப்பது இயந்திரம் பீய்ச்சிய செயற்கைப் பனி. இப்படிப்பட்ட பனியில் ஸ்கீயைச் சாய்த்து, அதன் எஃகு விளிம்பை, நாம் எட்ஜ் என்கிறோமே அதை, பனியில் பதிய வைத்தால்தான் திரும்ப முடியும். காலுக்கடியில் 106 மி.மீ. அகலம் இருந்தால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முழங்கால் கூடுதலாகப் பாடுபடும். 85 முதல் 92 மி.மீ. வரை போதும். பார்க்குக்கும் அந்த அகலம்தான் சுறுசுறுப்பு.

அடுத்தது நீளம். ட்வின் டிப்பில் பின்முனையும் முன்முனைபோல மேலே வளைந்திருப்பதால், பனியைத் தொடும் பகுதி அளவுநாடா காட்டுவதைவிடக் குட்டையாக இருக்கும். அதனால் சாதாரண ஸ்கீயைவிடக் கொஞ்சம் நீளமாக எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் 181 என்பது உங்கள் தலைக்கு மேல் ஒன்பது சென்டிமீட்டர். 18 நாள் அனுபவத்தில் அதைப் பின்பக்கமாகத் திருப்பப் பார்த்தால் வால் உங்கள் பேச்சைக் கேட்காது. 165க்கும் 171க்கும் இடையில் தேடுங்கள். 66 கிலோ உடம்புக்கு ஸ்கீ வளைந்துகொடுக்கும் தன்மை மிதமாகவோ சற்று மென்மையாகவோ இருக்கட்டும். கடினமான ஸ்கீ வேகத்தில் உறுதியாக நிற்கும், ஆனால் பழகுகிறவரின் சின்னப் பிழையைக்கூட மன்னிக்காது.

பின்முனை ஏன் வளைந்தது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிது. தட்டையான வாலோடு பின்பக்கமாக இறங்கினால் வால் பனியில் குத்தி நின்றுவிடும். 1990களில் கனடாவில், பனி மேடுகள் நிறைந்த சரிவில் போட்டியிடும் மோகல் வீரர்கள் சிலர் தாவல்களில் சுழன்று பின்பக்கமாக இறங்க விரும்பினார்கள், அதற்கேற்ற ஸ்கீயைக் கேட்டார்கள். 1998இல் சாலமன் நிறுவனம் டென்எய்ட்டி என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. 1080 பாகை என்றால் மூன்று முழுச் சுற்று, பெயர் அதிலிருந்து வந்ததுதான். 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் தாவல், கம்பி வித்தைகளான ஸ்லோப்ஸ்டைலும், அரைக்குழாய் வடிவப் பனிச்சுவரில் தாவும் ஹாஃப்பைப்பும் ஸ்கீ போட்டிகளாகச் சேர்ந்தன. வளைந்த வாலின் வேலை பின்பக்கச் சறுக்கல். பௌடரில் மிதக்க வைப்பது அகலத்தின் வேலை. உங்கள் நண்பர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

இனி காசு. 900 வெள்ளியில் 500ஐ பூட்ஸுக்கு எடுத்து வையுங்கள். நீங்கள் பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, நானும் என் முதல் ஜோடியை வாங்கியபோது யோசிக்கவில்லை. கால் உள்ளே ஆடினால், உலகின் மிக நல்ல ஸ்கீயும் நீங்கள் சொன்னதைக் கேட்காது. ஸ்கீயைப் பழையதாக வாங்கலாம். பூட்ஸைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள்: உள்ளுறை இன்னொருவர் காலின் வடிவத்துக்கு அமுங்கியிருக்கும், வயதான பிளாஸ்டிக் ஓடு குளிரில் வெடிக்கவும் கூடும்.

போகும் வழியில் தோக்கியோவில் ஓர் இரவு தங்க முடிந்தால் ஜிம்போச்சோ, ஓகாவாமாச்சி பக்கம் போங்கள். யாசுகுனி சாலையோரம் ஸ்கீ கடைகள் வரிசையாக இருக்கின்றன, போன ஆண்டு மாடலைக் கேளுங்கள். மாலையில் போவது நல்லது, நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மெல்லிய காலுறை ஒன்று மட்டும் போதும். உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னால் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலிலிருந்து இரண்டு விரல் இடைவெளிக்குள் இருந்தால் அளவு சரி. மூன்று விரல் போனால் பெரியது, கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் எடுக்காதீர்கள். பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்பதைக் காட்டும் ஃப்ளெக்ஸ் எண், உங்கள் எடைக்கு 90, 100 போதும். ஆனால் ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 100 அல்ல, எண்ணைவிட முழங்காலை முன்னால் அழுத்திப் பார்ப்பதை நம்புங்கள்.

மிச்சம் 400. இதில் 300க்குப் பழைய ஸ்கீயும் பைண்டிங்கும், 100 பைண்டிங்கைச் சரிசெய்யும் ஸ்கீ பட்டறைச் செலவுக்கு. பழையது வாங்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் காசு தப்பும், அல்லது போகும்.

என் அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். பற்றவைத்த இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை தடவுவார். கண்ணுக்குத் தப்பிய வெடிப்பு நகத்தில் தட்டும் என்பார். நானும் ஸ்கீயை அப்படித்தான் பார்க்கிறேன். பார்க்கில் ஓடிய ட்வின் டிப்புக்கு அடி விழுவது பைண்டிங்குக்கு நேர்கீழே, இரும்புக் கம்பிகளில் ஏறிச் சறுக்கும் இடத்தில். அங்கே எட்ஜ் முழுவதையும் நகத்தால் தடவுங்கள். மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருந்தால், எட்ஜ் இடம்விட்டு நகராதவரை விலையைக் குறைத்துக் கேட்கலாம். இரண்டு மூன்று வெடிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலோ, எட்ஜ் வெளியே பிதுங்கினாலோ அதைத் தொட வேண்டாம்.

அடுத்து முனைகள், முக்கியமாகப் பின்முனை. இரண்டு கட்டைவிரலால் மேலும் கீழும் பிரிப்பதுபோல அழுத்துங்கள். அடுக்குகளுக்கு நடுவே வாய் திறந்தால் உள்ளே ஈரம் போயிருக்கும், மரக் கரு கெட்டிருக்கலாம். பிறகு இரண்டு ஸ்கீயின் அடிப்பக்கத்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். இரண்டும் ஒரேமாதிரி வளைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். அடிப்பக்கத்தில் கீறல்கள் பரவாயில்லை, நிரப்பிவிடலாம். மேலே படம் உரிந்திருப்பது ஒரு குறையே இல்லை, அதைக் காட்டித் தாராளமாகப் பேரம் பேசுங்கள்.

பைண்டிங் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். என் முதல் ட்வின் டிப்பை இங்கே ஒருவரிடம் 300 வெள்ளிக்கு வாங்கினேன். ஹொக்கைடோவின் ஃபுரானோவில் ஒரு பட்டறையில் என் பூட்ஸுக்கு ஏற்பச் சரிசெய்யக் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் பைண்டிங்கைத் திருப்பிப் பார்த்தார், ஒரு பட்டியலை எடுத்து விரலால் ஓட்டினார், தலையை அசைத்துவிட்டார். தயாரிப்பாளர் இன்னமும் பொறுப்பேற்கும் மாடல்களின் பட்டியல் அது. அதில் என்னுடையது இல்லை. பட்டியலில் இல்லாத பைண்டிங்கைப் பட்டறைக்காரர்கள் தொட மாட்டார்கள், அவர்கள் செய்வது நியாயம்தான். விழும்போது காலை விடுவிக்க வேண்டிய கருவி அது. விடாவிட்டால் முழங்காலின் தசைநார் போய்விடும். அந்த ஆறு நாளும் நான் வாடகை ஸ்கீயில் ஓடினேன், என்னுடையது பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

அதனால் காசு கொடுப்பதற்கு முன் பைண்டிங்கின் மாடல் பெயரை எழுதி வாங்கி, நீங்கள் போகவிருக்கும் ஊரின் பட்டறைக்கு அனுப்பிக் கேளுங்கள். இன்னொன்று: இப்போது வரும் புதிய பூட்ஸ் பலவற்றின் அடி கிரிப்வாக் வகை, நடக்க வசதியாக வளைந்தது. பழைய பைண்டிங்குகள் பல தட்டை அடிக்கு மட்டுமே செய்யப்பட்டவை. பைண்டிங்கில் கிரிப்வாக் குறியோ ஜிடபிள்யூ என்ற எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக்கின் அகலம் ஸ்கீயின் நடு அகலத்துக்குச் சமமாகவோ அதைவிட 15 மி.மீ.க்குள் கூடுதலாகவோ இருக்கட்டும். முடிந்தால் தண்டவாளத்தில் நகர்வதுபோல முன்பின் நகரும் வாடகை வகை பைண்டிங் உள்ளதாகத் தேடுங்கள். சற்றுக் கனம்தான், ஆனால் புதிதாகத் துளையிடாமல் உங்கள் பூட்ஸ் நீளத்துக்கு மாற்றிவிடலாம். பைண்டிங்கை ஸ்கீயின் நட்டநடுவில் வைக்கச் சொல்லி யாராவது தூண்டுவார்கள். முதல் ஜோடிக்குத் தயாரிப்பாளர் போட்ட கோடே போதும். எவ்வளவு விசையில் பைண்டிங் காலை விடும் என்பதைக் காட்டும் டின் எண்ணை நண்பர் சொன்னபடி நீங்களாகத் திருகாதீர்கள். எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், ஓட்டும் விதம் எல்லாவற்றையும் வைத்துப் பட்டறைக்காரர் கணக்கிட்டு, கருவியில் சோதித்துத் தரட்டும்.

வரியை மறக்க வேண்டாம். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினால், அங்கே வாங்கிய பொருள்களில் 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி கிடையாது. பூட்ஸ் 500, ஸ்கீ 300 என்று இரண்டையும் ஜப்பானிலேயே வாங்கினால், கூடுதலான 300க்கு 9 விழுக்காடு, 27 வெள்ளி. சாங்கியில் இறங்கியதும் சொல்லிக் கட்டிவிடுங்கள்.

புறப்படுவதற்குள் நல்ல ஜோடி அகப்படவில்லையென்றால் அவசரப்படாதீர்கள், தம்பி. பூட்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு, அங்கே 88 மி.மீ. போல ஒரு ட்வின் டிப்பை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். பருவம் முடிகிற மார்ச் மாதத்தில் விலை இறங்கும், அப்போது உங்கள் காலுக்கே எது வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

கேள்வி: என் 11 வயது மகளும் ட்வின் டிப் கேட்கிறாள். வளர்கிற பிள்ளை, கொஞ்சம் நீளமாகவே வாங்கிவிடலாமா?
– பொங்கோல் வாசகி

பதில்: கூடாதம்மா. பள்ளிச் சீருடையை ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பதுபோல ஸ்கீயை எடுக்க முடியாது. நீளமானதைப் பிள்ளையால் திருப்ப முடியாது, பயந்துவிடும். வாடகையே சரி. பிள்ளைகளுக்கும் ட்வின் டிப் உண்டு, முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். தாடையிலிருந்து மூக்கு வரை உயரம் இருந்தால் போதும். தலைக்கவசத்தை மட்டும் இங்கேயே நல்லதாக, தலைக்குச் சரியாகப் பொருந்துவதாக வாங்குங்கள்.

கேள்வி: போன பிப்ரவரியில் வந்து ஸ்கீயைப் பையோடு வைத்தேன். இப்போது எடுத்தால் எட்ஜ் முழுக்கத் துரு. வீணாகிவிட்டதா?
– சுவா சூ காங் வாசகர்

பதில்: வீணாகவில்லை. மேலோட்டமான துருவை எட்ஜுக்கென்று விற்கும் ரப்பர் கல்லால் தேய்த்தால் போய்விடும், பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் பட்டறையில் கொடுத்துத் தீட்ட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் ஈரப் பையோடு வைத்ததுதான் காரணம். வீட்டுக்கு வந்த அன்றே பையைத் திறந்து, துணியால் துடைத்து, ஒரு நாள் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். பிறகு அடிப்பக்கத்தில் மெழுகைக் கனமாக உருக்கித் தடவி, எட்ஜையும் அது மூடும்படி விட்டு, சுரண்டாமல் அப்படியே வைத்துவிடுங்கள். வீவக வீட்டின் பொருள் வைக்கும் அறையில் காற்றோட்டம் குறைவு. நான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைக்கிறேன், பையின் வாயைத் திறந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, மழை மாதங்களில் அவற்றை மாற்றுகிறேன். பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி உலர்த்திய பின், மறுபடி போட்டு, கொக்கிகளை லேசாக மாட்டி வையுங்கள், ஓடு வடிவம் மாறாது. சுரண்டாமல் விட்ட மெழுகைப் பயணத்துக்கு முந்தைய இரவு சுரண்டினால் போதும்.