ஆமை இருக்கும் மதுபனி ஓவியத்தை வீட்டில் மாட்டலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு கைவினைக் கண்காட்சியில் மதுபனி ஓவியம் ஒன்று வாங்கி வந்தாள். நடுவில் வட்ட வட்டமாகத் தாமரை, அதன் நடுவே மேலே ஏறும் ஒரு தண்டு. சுற்றிலும் மீன், ஆமை, பாம்பு, ஜோடிக் கிளி, மூங்கில். விற்றவர் பூஜை அறையில் மாட்டச் சொன்னாராம். என் அத்தை ஆமையைப் பார்த்ததுமே 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று ஆரம்பித்துவிட்டார். தை மாதம் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். இந்தப் படத்தை மாட்டலாமா, எங்கே மாட்டுவது? ஹாலுக்கும் இது மாதிரி ஒரு படம் வாங்க நினைக்கிறோம். எந்த மிருகம், எந்தப் பறவை இருந்தால் நல்லது?"

தாராளமாக மாட்டலாம். ஆனால் பூஜை அறையில் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது சாமி படமே இல்லை, கல்யாண வீட்டில் புதுமணத் தம்பதியின் அறைச் சுவரில் எழுதுகிற படம். விற்றவருக்குத் தெரியவில்லையோ, தெரிந்தும் சொல்லக் கூச்சப்பட்டாரோ!

மதுபனி ஓவியம் பிறந்த பீகாரின் மிதிலைப் பகுதியில் பெண் வீட்டில் ஒரு அறையை இதற்கென்றே ஒதுக்குவார்கள். அதற்குக் 'கோஹ்பர்' என்று பெயர். மணமக்கள் முதல் சில இரவுகளைக் கழிப்பது அங்கேதான். வீட்டுச் சுமங்கலிகள் சேர்ந்து அதன் சுவரில் எழுதும் படத்தின் நடுநாயகம்தான் உங்கள் படத்திலுள்ள தாமரையும் தண்டும். தாமரைக் கூட்டம் பெண், மூங்கில் ஆண். சுற்றி வளைக்காமல் சொன்னால், அது தாம்பத்தியத்தின் படம். மூங்கில் தனியாக நிற்பதில்லை, ஒரு முளை வந்தால் நாலு வருடத்தில் புதராகிவிடும். கல்யாணப் பந்தலில் நாம் வாழை கட்டி 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்தை அவர்கள் மூங்கிலாக எழுதுகிறார்கள்.

கிளி ஜோடி தம்பதி. மன்மதனுக்குக் கிளிதான் வாகனம் என்பதை நாமும் அறிவோம். பாம்புக்கும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அரச மரத்தடியில் பின்னிப் பிணைந்த நாகர் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பிள்ளை வரம் கேட்கிற ஊர் நம்முடையது. மிதிலையிலும் புதிதாகக் கல்யாணமான பெண்கள் ஆடி வாக்கில் 'மதுஸ்ராவணி' என்று நோன்பு இருந்து நாகங்களைக் கும்பிடுவார்கள். மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதனால் வம்ச விருத்தி. அங்கே நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது மீன் கண்ணில் பட்டால் சகுனம் நல்லது என்பார்கள். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போனால் மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்பாத நமக்கு மீனைச் சாமி விஷயமாக நினைக்கக் கொஞ்சம் சிரிப்பு வரலாம். ஆனால் எட்டு மங்கலப் பொருள்களைச் சொல்லும் நம் அட்டமங்கலப் பட்டியலிலும் இணைக்கயல், அதாவது ஜோடி மீன், உண்டு.

படத்தை எடுத்து நான்கு மூலைகளையும் பாருங்கள். முக்காடிட்ட பெண், ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி மூலைக்கு ஒருத்தி இருந்தால் அவள் 'நைனா ஜோகின்'. தம்பதி மேல் கண்ணேறு விழாமல் காவல் நிற்பவள். அவளும் இருந்துவிட்டால் இது கோஹ்பர் என்பதில் துளியும் சந்தேகமில்லை. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாளுக்கு இடம் போதாமல் அவளை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இனி ஆமை. உங்கள் அத்தை சொல்வதைத் தள்ளிவிட முடியாது. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று கேட்டு வளர்ந்தவருக்கு வாசலுக்கு எதிரே ஆமைப் படம் இருந்தால் உறுத்தத்தான் செய்யும். ஆனால் அதே தமிழில்தான் வள்ளுவர் ஐம்புலனையும் அடக்குகிறவனுக்கு ஆமையை உவமை சொல்கிறார். மந்தர மலையைத் தாங்கியதும் ஆமை வடிவில் வந்த பெருமாள்தான். மகாராஷ்டிரத்துச் சிவன் கோயில்களில் நந்திக்குப் பக்கத்தில் தரையிலேயே கல் ஆமை இருக்கும். வடக்கே யமுனைக்கு ஆமைதான் வாகனம்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உங்கள் படத்தை எட்ட நின்று பாருங்கள். தாமரை, மீன், ஆமை, தண்ணீர்ப் பாம்பு, கரையில் மூங்கில், அதில் கிளி. அது ஒரு குளம்! மிதிலை குளங்களின் நாடு. அடிக்கு அடி குளம், மீன், மக்கானா என்று அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். தாமரை விதை மாதிரி பொரித்துத் தின்கிற மக்கானாவும் குளத்தில்தான் விளைகிறது. வற்றாத குளத்தில்தான் ஆமை நிலையாகத் தங்கும். ஆமை எழுதுவது, தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும் என்று வாழ்த்துவதுதான் என்று நான் படிக்கிறேன். போர் போட்டு ஆயிரம் அடியிலும் புழுதி பறக்கிற நம் மாவட்டங்களில் இதைவிடப் பெரிய வாழ்த்து என்ன இருக்க முடியும்? அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒப்பவில்லையா, சண்டை வேண்டாம். மகளுக்குக் கல்யாணம் ஆகும்போது அவள் அறையில் மாட்டுங்கள். படத்துக்கும் அதுதான் சரியான இடம்.

'மீன் என்றால் செல்வம், யானை என்றால் பலம், மயில் என்றால் அழகு' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. அதை வைத்துப் படம் வாங்காதீர்கள். மிருகத்துக்கு என்று தனியாக ஒரு அர்த்தம் கிடையாது, எந்தச் சுவரில் எந்தக் காரியத்துக்கு எழுதினார்களோ அதுதான் அர்த்தம். வங்காளத்தில் ஆந்தை லட்சுமியின் வாகனம், வீட்டுக்கு வந்தால் சந்தோஷம். நம் ஊரில் ஆந்தை அலறினால் வீட்டில் யாருக்கு என்ன ஆகுமோ என்று கலக்கம். யானையும் அப்படித்தான். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிப் பக்கம் ராகிக் காட்டில் இரவெல்லாம் காவல் இருந்தவரிடம் போய் 'யானைப் படம் மாட்டுங்கள், மங்களம்' என்று சொல்லிப் பாருங்கள்!

இந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் சுவர்கள் சரிந்து கிடந்தபோதுதான் வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி உள் அறைகளின் ஓவியங்களைப் பார்த்து வியந்து படம் பிடித்தார். அதுவரை வெளியாள் கண்ணில் படாததற்குக் காரணம், அவை வெளியாளுக்கான படங்கள் அல்ல என்பதுதான். பிறகு 1966-67 பஞ்சத்தில் பெண்களுக்கு வருமானம் கிடைக்கட்டும் என்று அகில இந்தியக் கைவினை வாரியத்தின் புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அங்கே அனுப்பித் தாளில் வரையச் சொன்னார். சுவரை விட்டுத் தாளுக்கு வந்ததும் படம் ஊர் ஊராகப் போயிற்று. எந்த அறைக்கு உரியது என்ற சேதி மட்டும் மிதிலையிலேயே தங்கிவிட்டது.

பூஜை அறைக்கு வடநாட்டுப் படம்தான் வேண்டுமென்றால் ராஜஸ்தான் நாத்வாராவின் பிச்வாய் வாங்குங்கள். ஸ்ரீநாத்ஜி என்று அங்கே கும்பிடும் கண்ணனின் சந்நிதியில் சாமிக்குப் பின்னால் தொங்கவிடுகிற துணி அது. கோபாஷ்டமி என்ற பசுத் திருவிழாவுக்குப் பசுக்கள், கோடையில் சாமிக்குக் குளிர்ச்சியாக இருக்கத் தாமரைகள் என்று பருவத்துக்கு ஒன்று மாற்றுவார்கள். பசுவும் தாமரையும் சேர்ந்தது கிடைத்தால் உங்கள் அத்தைக்கும் பிடிக்கும்.

ஹாலுக்கு என் ஓட்டு கோண்டு ஓவியத்துக்கு. மத்தியப் பிரதேசத்துப் பர்தான்கள் கோண்டுப் பழங்குடியினரின் குலக்கதை பாடுகிற பாணர்கள். 1980களின் தொடக்கத்தில் பாட்டன்கட் என்ற கிராமத்து ஜங்கட் சிங் ஷ்யாமின் சுவர்ச் சித்திரத்தைப் பார்த்துவிட்டு, ஓவியர் ஜே. சுவாமிநாதனின் ஆட்கள் அவரைப் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் வழியில்தான் இன்றைய கோண்டு ஓவியம் வளர்ந்தது. மானின் கொம்பு கிளைத்துக் கிளைத்து மரமாகி, அந்த மரத்தில் பறவைகள் உட்கார்ந்திருக்கும். மான் எங்கே முடிந்தது, காடு எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. உடம்பை நிரப்பும் புள்ளியும் கோடும் ஓவியருக்கு ஓவியர் வேறு, கையெழுத்து மாதிரி. நல்ல படத்தைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு மேல் சடங்குக் கட்டுப்பாடு இல்லாததால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில் தயங்காமல் மாட்டலாம்.

மகாராஷ்டிரத்துப் பழங்குடியினரின் வார்லி ஓவியமும் நன்றாக இருக்கும், ஆனால் நடுவில் சதுரக் கட்டம் போட்டு அதற்குள் ஒரு அம்மன் இருந்தால் அவள் பாலகாட். அதுவும் கல்யாணப் படம்தான். தாரை ஊதுகிற மாதிரி ஒருவன் தார்ப்பா ஊத, சுற்றிலும் ஆட்டம், நடுவே எறும்பும் கோழியும் என்று இருப்பது ஹாலுக்கு ஏற்றது. அரிசி மாவைக் கரைத்துச் செம்மண் சுவரில் எழுதும் கலை அது. மாக்கோலம் போட்டுக் காவி தீட்டுகிற உங்கள் கைக்குப் பழகியதுதான். தாழ்வாரச் சுவர் ஒன்றில் நீங்களே எழுதிப் பார்க்கலாம்.

ஒடிசாவின் பட்டசித்திரக் கடையில் விசித்திரமான ஒரு மிருகத்தைக் காட்டினால் பயப்படாதீர்கள். சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடுப்பு, பாம்பு வால். மூன்று கால் மூன்று மிருகத்துடையது, நாலாவதாகத் தாமரை ஏந்திய மனிதக் கை. அது நவகுஞ்சரம். அர்ஜுனன் அம்பு எய்யப் போய், அந்தக் கையைப் பார்த்து, கண்ணன்தான் என்று உணர்ந்து வில்லைப் போட்டான் என்பது ஒடியா பாரதக் கதை. குழந்தைகள் படிக்கிற அறைக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. மனிதக் கையோடு சேர்த்து ஒன்பது உயிர்களையும் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

புலியைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்பீர்கள். புலிப் படம் வீட்டுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால், மாதேஸ்வரன் மலைக்குப் போய்வந்தவரைக் காட்டுங்கள். மாதேஸ்வரன் ஏறி வருவதே புலி மேல்தான். வார்லிகளுக்கும் வாக்தேவ் என்ற புலிச்சாமி உண்டு. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை ஒரு நாள் பார்த்து வாருங்கள். நம் மண்ணில் புலியோடு பொருது விழுந்தவனுக்கும் கல் நட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். பர்கூர் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளைச் சாந்தில் குதிரை வீரர்களை எழுதியவர்களும் இங்கே வாழ்ந்தவர்கள்தான். செலவு செய்யத் தயாராக இருந்தால், கோண்டு ஓவியர் ஒருவரிடம் எருது விடும் விழாவில் பாய்கிற காளையையும் காய்த்துத் தொங்கும் ஒரு மாமரத்தையும் சொல்லி எழுதி வாங்கலாம். அவர்கள் முறையில் நம் ஊர். ஆனால் ஒரே படத்தில் வார்லி மனிதன், மதுபனி மீன், கோண்டு மான் என்று கலந்து கேட்காதீர்கள். அப்படிக் கலந்து அச்சடித்த வால்பேப்பர்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன, பார்க்கச் சகிக்காது.

வாங்கும்போது கையால் எழுதியதா என்று பார்க்க ஒரு எளிய வழி, செல்போன் கேமராவில் பெரிதாக்குவது. அச்சு என்றால் பொடிப் பொடியாக வண்ணப் புள்ளிகள் தெரியும். கை வேலையில் கோடு ஒரே தடிமனில் இருக்காது, வளைவில் மை சற்றுத் தேங்கியிருக்கும். மதுபனியில் உருவத்தின் ஓரத்தை இரட்டைக் கோடாக இழுத்து இடையில் குறுக்குக் கோடுகளால் நிரப்புவார்கள். அந்தச் சின்னக் கோடுகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் நெருங்கியும் விலகியும் இருந்தால் நம்பி வாங்கலாம்.

கடைசியாக மாட்டுவது. தையில் குடிபோகிற வீட்டுச் சுவரில் பூச்சின் ஈரம் இன்னும் இருக்கும். கையால் செய்த தாள் அதைக் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு கோடை கழியட்டும், அதுவரை தட்டையாக வைத்திருங்கள், சுருட்ட வேண்டாம். நேர் வெயில் படுகிற சுவரைத் தவிருங்கள், இயற்கைச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். பட்டசித்திரத் துணிக்குப் புளியங்கொட்டைப் பசை பூசியிருப்பார்கள். மாவுப் பசை இருக்கிற எதையும் இராமபாணப் பூச்சி தேடி வரும், வருடத்துக்கு ஒரு தடவையாவது இறக்கிப் பின்பக்கத்தைத் துடையுங்கள். ஃப்ரேம் கடையில் கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் மவுண்ட் என்ற ஓர அட்டை வைக்கச் சொல்லுங்கள். படத்தின் பின்னால் ஃபெவிகால் தடவி அட்டையில் ஒட்டவிடாதீர்கள். மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் தாள் பட்டையால் பிடித்தால் போதும் என்று பக்கத்தில் நின்று சொல்லி வாங்கி வாருங்கள்.