வாசகர் கேள்வி: பெயர் தெரியாத பந்தை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: பிரபல நிறுவனங்களின் உயர்தரப் பந்துக்கு இணையானது என்று சொல்லி, அதிகம் கேள்விப்படாத நிறுவனம் ஒன்று யூரித்தேன் (மென்மையான ஒருவகை பிளாஸ்டிக்) உறை போட்ட, உள்கரு, நடு அடுக்கு, உறை என்ற மூன்றடுக்கு கோல்ஃப் பந்தை விற்கிறது. ஒரு டஜன் வாங்கிவிட்டேன். நம்பி ஆடலாமா?

பதில்: மைதானத்துக்குப் போகுமுன் தராசை எடுங்கள். விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பன்னிரண்டு பந்துக்கும் எண் போட்டு, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி எடையைவிட, பந்துக்குப் பந்து எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முக்கியம். பிறகு காலிப்பரால் (விட்டம் அளக்கும் கருவி) ஒவ்வொரு பந்தையும் மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். பந்தை வார்க்கும் அச்சின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டின் மேல் ஓர் அளவு கட்டாயம் இருக்கட்டும். உருண்டை கெடுவது பெரும்பாலும் அங்கேதான். காலிப்பரின் முனை பந்தின் மேலுள்ள சிறு குழிக்குள் இறங்காமல் மேட்டில் உட்கார வேண்டும்.

அடுத்தது உப்பு நீர். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 250 முதல் 300 கிராம் உப்பைக் கரைத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விடுங்கள். குழிகளில் காற்றுக்குமிழி ஒட்டினால் முடிவு பொய்யாகிவிடும், அதைத் தடுக்கத்தான் அந்தச் சொட்டு. பந்து மிதந்ததும் உச்சியில் புள்ளி வைத்து, சுழற்றி விடுங்கள். நான்கைந்து முறையும் அந்தப் புள்ளியே விரைவாக மேலே வந்து நின்றால், உள்கரு நடுவில் இல்லை, அல்லது நடு அடுக்கு ஒரு பக்கம் தடித்திருக்கிறது என்று பொருள். மெல்லத் திரும்பி எங்கெங்கோ நின்றால் நல்லது. ஒரு பந்து இப்படி இருந்தால் ஒதுக்கிவிடலாம். நான்கு பந்து இப்படி என்றால் அந்த டஜனையே நான் நம்பமாட்டேன்.

கேள்வி: டிரைவரில் (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை) அடித்துப் பார்த்தேன், என் பழைய பந்தளவு தூரம் போகிறது. இது போதாதா?

பதில்: போதாது. பந்தின் ஆரம்ப வேகத்துக்கும் மொத்தத் தூரத்துக்கும் விதியே உச்சவரம்பு வைத்திருப்பதால், நல்ல பந்துகளுக்கிடையே டிரைவர் தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. சோதனையைக் கிரீனிலிருந்து (பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) பின்னோக்கி நடத்துங்கள்: முதலில் பட் (பந்தை உருட்டும் அடி), பிறகு சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் சிறு அடி), பிறகு வெட்ஜ் (முகம் அதிகம் சாய்ந்த, குறுந்தூர மட்டை) கொண்டு 30 முதல் 40 மீட்டர், பிறகு ஏழாம் எண் அயர்ன் (நடுத்தூர மட்டை), கடைசியாக டிரைவர்.

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியது வெட்ஜில்தான். மென்மையான யூரித்தேன் உறை, வெட்ஜ் முகத்தில் கீறியுள்ள பள்ளங்களுக்கும் அடியிலுள்ள கெட்டியான அடுக்குக்கும் இடையே நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பந்து தாழ்வாகக் கிளம்பி, அதிகம் சுழன்று, ஒன்றிரண்டு துள்ளலில் நிற்கும். விலை குறைந்த பந்துகளில் வழக்கமாக வரும் ஐயோனோமர் (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) உறை வழுக்கும். பந்து உயரமாகக் கிளம்பி வெகுதூரம் உருளும். இந்தப் பந்தும் அப்படியே உருண்டால், உயர்தர விலை கொடுக்க அதில் ஒன்றுமில்லை.

பழகிய பந்தையும் புதிய பந்தையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் பத்து முறை அடியுங்கள். பெயர்களை மார்க்கரால் மறைத்துவிடுங்கள். தெரிந்த பெயருக்கு மனம் சலுகை காட்டும். ஒவ்வோர் அடிக்கும் முன் வெட்ஜ் முகத்தைத் துடையுங்கள், ஈரப்புல் ஒட்டினாலே சுழற்சி குறையும். ஒரே ஓர் அருமையான அடியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பத்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று அளந்து பாருங்கள்.

கேள்வி: ஐந்து வெட்ஜ் அடியிலேயே உறை சிராய்த்துவிட்டது. மட்டமான பந்தா?

பதில்: புதிய, கூர்மையான பள்ளம் கொண்ட வெட்ஜ் எந்த யூரித்தேன் உறையிலும் மெல்லிய பிசிறு எழுப்பும். அது குறையல்ல. உறை செதிலாக உரிந்தாலோ, வெட்டு அடி அடுக்குவரை இறங்கினாலோ அந்தப் பந்து வேண்டாம்.

கேள்வி: இதைப் போட்டியில் பயன்படுத்தலாமா?

பதில்: கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்டு ஏ, யூஎஸ்ஜிஏ அமைப்புகள் வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட பந்துகளின் பட்டியலைப் பாருங்கள். பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது. பந்தின் மேல் அச்சிட்ட எழுத்துகளும், பக்கவாட்டில் உள்ள குறியும் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் பல, பந்தை வெளித் தொழிற்சாலையில் செய்து வாங்குவதால், அதே பெயரில் அடுத்த ஆண்டு வருவது வேறு பந்தாக இருக்கலாம். அடுத்த டஜன் வாங்கும்போது தராசையும் உப்பு நீரையும் மறுபடி எடுங்கள்.