ஓர் இனத்துக்குத் தனிநாடு கேட்கும் உரிமை உண்டா?

கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் இனம் வேறு, மொழி வேறு என்பதால் மட்டுமே தனிநாடு கொடுத்தாக வேண்டும் என்றாகிவிடாது என்பது என் கருத்து.

சட்டத்தில் இருப்பது சுயநிர்ணய உரிமை, அதாவது தங்கள் அரசியல் நிலையைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை. 1966-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளும் முதல் உறுப்பிலேயே எல்லா மக்களுக்கும் அது உண்டு என்கின்றன. 'மக்கள்' என்றால் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. 1979-ல் அவற்றில் சேர்ந்த இந்தியா, அந்நிய ஆட்சியின் கீழ் இருப்பவர்களுக்கே இது பொருந்தும், இறையாண்மையுள்ள நாட்டின் ஒரு பகுதியினருக்குப் பொருந்தாது என்று எழுதிக் கொடுத்துவிட்டே சேர்ந்தது.

தெளிவான பதில் வேண்டுமென்றால், கனடாவில் பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள கியூபெக் மாகாணத்தின் விஷயத்தில் கனடா உச்ச நீதிமன்றம் 1998-ல் சொன்னதைப் பாருங்கள். தன்னிச்சையாகப் பிரிந்துபோக கியூபெக்குக்கு உரிமை இல்லை என்றது. சரி, அதோடு விடவில்லை. தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை 'ஆம்' என்றால், மற்றவர்கள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்றும் சொன்னது. பேச மறுக்கும் உரிமை அரசுக்கும் இல்லை என்ற இந்தப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அரசு பேச மறுத்தால் என்ன ஆகும்? 1970 தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) 162 பொதுத் தொகுதிகளில் அவாமி லீக் கட்சி 160-ஐ வென்றது. பாகிஸ்தான் முழுவதுக்குமான 300 பொதுத் தொகுதிகளில் அது தனிப் பெரும்பான்மை. தேர்ந்தெடுக்கப்பட்ட அவை கூடவே இல்லை; 1971 மார்ச்சில் ராணுவம்தான் வந்தது. இலங்கையில் 1983-ல் வந்த ஆறாம் திருத்தம், அமைதியான வழியில் தனிநாடு கோருவதையே குற்றமாக்கியது. அதன்படி உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். வாக்குப் பெட்டியையும் நாடாளுமன்றத்தையும் ஒரு அரசே அடைத்துவிட்ட பிறகு, சேர்ந்தே இரு என்று சொல்ல அதற்கு என்ன தகுதி இருக்கிறது? அந்த நிலையில் பிரிந்துபோவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதில் நான் கறாராக இருக்கிறேன். 1995 அக்டோபர் 30 அன்று, தனிநாடு வேண்டுமா என்று கியூபெக்கில் வாக்கெடுப்பு. 'வேண்டாம்' 50.58 சதவீதம், 'வேண்டும்' 49.42. அதற்குச் சில நாட்கள் முன்னால், வடக்கு கியூபெக்கில் காலங்காலமாக வாழும் கிரீ பழங்குடியினர் தாங்களே தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். எங்களைக் கேட்காமல் எங்களையும் எங்கள் நிலத்தையும் கனடாவிலிருந்து பிரித்துக்கொண்டு போகலாமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கூடாது என்றவர்கள் 96 சதவீதத்துக்கும் மேல். கியூபெக் தனிநாடு கோரியவர்களோ, கியூபெக்கின் எல்லையைத் துண்டாட முடியாது என்றார்கள். பிரிந்துபோக நினைப்பவர்களிடம் எல்லா அரசுகளும் சொல்வது இதைத்தானே!

தெற்கு சூடானில் 2011 வாக்கெடுப்பில் 98 சதவீதத்துக்கும் மேல் சூடானிலிருந்து பிரிவதற்கு வாக்களித்தார்கள். 2013 டிசம்பரில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு, டிங்கா, நூயர் என்று இன அடையாளம் பார்த்தே மக்களைக் கொன்றார்கள். முந்தைய ஆட்சியின் கொடுமை பொய்யில்லை, பிரிய அவர்களுக்கு இருந்த நியாயமும் பொய்யில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு, எந்தத் தனிநாட்டுக் கோரிக்கையைப் பார்த்தாலும், தங்களுக்குள்ளே இருக்கும் சிறுபான்மைக்கு என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன்.