இரண்டே பருவங்கள் நீடித்த ஹொனலுலு கால்பந்துக் கூட்டணி: பதிவு செய்வது எப்படி?

கேள்வி: அமெரிக்கப் பள்ளி விளையாட்டைப் பற்றித் தமிழில் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதி வருகிறேன். ஹவாய் மாநிலத் தலைநகரான ஹொனலுலுவின் தனியார் பள்ளிகள் சில ஆண்டுகள் மட்டும் அரசுப் பள்ளிகளோடு சேர்ந்து ஆடியதாகத் தெரிகிறது. இதைத் தனி லீக்காகக் கருதலாமா? எந்த ஆண்டுகளைக் குறிப்பிட வேண்டும்? வாகையர் யார் என்று எழுதுவது?

பதில்: முதலில் ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்வோம். இங்கே கால்பந்து என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. பள்ளிகள் சேர்ந்து அமைக்கும் போட்டிக் குழுவுக்கு அங்கே கான்ஃபரன்ஸ் என்றும் லீக் என்றும் பெயர். அகராதியைப் பார்த்து "மாநாடு" என்று எழுதிவிடாதீர்கள், அந்தப் பிழையை அச்சிலேயே பார்த்திருக்கிறேன்.

ஐ.எல்.எச். எனப்படும் ஹொனலுலு பள்ளிகளிடை லீக் 1909-இல் தொடங்கியபோது அதில் அரசுப் பள்ளிகளும் இருந்தன. தனியார் பள்ளிகள் ஹொனலுலு அமைந்துள்ள ஓவாஹு தீவின் எந்த மூலையிலிருந்தும் மாணவரைச் சேர்த்துக்கொள்ள, அரசுப் பள்ளிகளோ தத்தம் வட்டார எல்லைக்குள் வசிப்பவரைக் கொண்டே அணி அமைக்க வேண்டியிருந்ததால் எழுந்த மனக்குறை முற்றி, 1970-இல் அரசுப் பள்ளிகள் விலகி ஓ.ஐ.ஏ. என்ற ஓவாஹு பள்ளிகளிடைச் சங்கத்துக்குச் சென்றன. அதன் பிறகு ஐ.எல்.எச். அடிப்படையில் தனியார் பள்ளிகளின் லீக்காயிற்று. மாநில அளவிலான கால்பந்துக் கோப்பை 1999-இல்தான் வந்தது.

பிரிந்த இரு லீக்குகளும் பின்னர் மீண்டும் சேர்ந்து ஆடிய கூட்டணிக்கான காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. ஐ.எல்.எச்.-இன் மிக வலுவான பிரிவில் எஞ்சியவை செயின்ட் லூயிஸ், புனஹோ, கமேஹமேஹா என்ற மூன்று பள்ளிகள் மட்டுமே. மூன்று அணிகள் ஒரு சுற்று ஆடினால் மொத்தம் மூன்று ஆட்டம், ஓர் அணிக்கு இரண்டு. இரண்டு சுற்று ஆடினாலும் ஓர் அணிக்கு நான்குதான். இரு அணிகள் மோதும் வாரத்தில் மூன்றாவது அணி சும்மா இருக்கும். மீதி நாள்களை நிரப்ப வெளி எதிராளிகளைத் தேட வேண்டும். கடலால் சூழப்பட்ட மாநிலத்தில் அடுத்த மாவட்டத்துக்குப் பேருந்தில் போய்வர முடியாது, விமானம் ஏற வேண்டும். அதே ஓவாஹு தீவில் அரசுப் பள்ளிகள் பக்கத்திலேயே இருந்தன.

ஆகவே 2018-இல் ஐ.எல்.எச்.-உம் ஓ.ஐ.ஏ.-உம் ஓப்பன் (மிக வலுவான அணிகளுக்கானது), முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என மூன்று தட்டுகளாக அணிகளைப் பிரித்து ஒன்றோடொன்று ஆடச் செய்தன. எல்லாம் பலத்தை வைத்து வகுத்த பிரிவுகளே. பள்ளியின் வகை பார்க்கப்படவில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் நல்ல அம்சம் என்பது என் கருத்து. 2019-இலும் அது தொடர்ந்தது. 2020-இல் பெருந்தொற்றால் கால்பந்துப் பருவமே நடக்கவில்லை. 2021-இல் இரண்டு லீக்குகளும் தனித்தனியே களமிறங்கின.

உங்கள் முதல் கேள்விக்கு விடை: தனி லீக்காகக் கருத வேண்டாம். இரு லீக்குகளும் தத்தம் பட்டத்தைத் தாமே வழங்கின. எடுத்துக்காட்டாக, 2018-இல் ஓ.ஐ.ஏ. ஓப்பன் பட்டம் அரசுப் பள்ளியான மிலிலானிக்கும் ஐ.எல்.எச். ஓப்பன் பட்டம் செயின்ட் லூயிஸுக்கும் சென்றது. அந்த இரண்டு அணிகளே பின்னர் மாநில இறுதியில் மோத, செயின்ட் லூயிஸ் வென்றது. "கூட்டணி வாகையர்" என்று ஒரு பத்தியை அட்டவணையில் சேர்த்தால் இல்லாத கோப்பையை நீங்களே உருவாக்கியவராவீர்கள்.

ஆண்டு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கால்பந்து இலையுதிர்காலத்தில் ஆடப்படுவது. கல்வியாண்டோ இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் பரவிக் கிடக்கும். அதனால் "2018–2019" என்று கோடு போட்டு எழுதினால் ஒரே ஒரு கல்வியாண்டு என்று வாசிப்பவர் கருதக்கூடும். "2018, 2019 ஆகிய இரு பருவங்கள்" என்று எழுதுங்கள். முடிவாண்டை 2020 என்று போடவேண்டாம். அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. ஆண்டுகளைச் சரிபார்க்க, ஓர் அணி 2017-இலும் 2021-இலும் யார் யாரோடு ஆடியது என்பதை அந்தப் பள்ளியின் ஆண்டுமலரிலும் உள்ளூர் நாளிதழின் ஆட்ட அட்டவணையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறிவிப்புகள் திட்டத்தைச் சொல்லும், நடந்ததை அட்டவணைதான் சொல்லும்.