ஃபிரான்சைஸை ரத்து செய்தால் என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகள்

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று, அதாவது ஒரு கம்பெனியின் பெயரிலும் முறையிலும் கடை நடத்தும் உரிமைக்கென்று, தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் இன்னும் சில பொதுச் சட்டங்களையும் வைத்துத்தான் வழக்காட வேண்டும். அதனால் இந்தப் பதில்கள் பெரும்பாலும் உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் போய்த்தான் முட்டும்.

கோவையில் ஐஸ்கிரீம் பார்லர் நடத்துகிறேன். ராயல்டி (கம்பெனிப் பெயரைப் பயன்படுத்தக் கட்டும் தொகை) பாக்கியே இல்லை. திடீரென்று 30 நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள். ஸ்டே வாங்க முடியுமா?

“காரணம் ஏதும் கூறாமல் எந்தத் தரப்பும் 30 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம்” என்று பத்திரத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டே கிடைப்பது கஷ்டம். இப்படி முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தைத் தொடரச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்கிறது 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 14-வது பிரிவு. அமிர்தசரஸ் கேஸ் ஏஜென்சி ஒன்றுக்கும் இந்தியன் ஆயிலுக்கும் நடந்த வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: ஏஜென்சி திரும்பக் கிடைக்காது, நோட்டீஸ் காலமான 30 நாளின் வருமானம்தான் நஷ்ட ஈடு. இத்தனை நாள் உழைப்புக்கு ஒரு மாத வருமானமா என்று கோபம் வரும், நியாயம்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட அன்றே அதற்கும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

அப்படியொரு பிரிவு இல்லாமல், “தவறு இருந்தால் எழுத்தில் சுட்டிக்காட்டி, திருத்த அவகாசம் கொடுத்து, அதன் பிறகே ரத்து” என்று மட்டும் இருந்தால் கதையே வேறு. அந்த முறையை மீறியது அவர்கள் என்றாகிவிடும். ஸ்டே கேட்க இடமுண்டு. அது கிடைக்காவிட்டாலும் மீதமுள்ள காலத்தின் லாப இழப்பைக் கேட்கலாம். ஆர்பிட்ரேஷன் பிரிவு (தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரிடம் தீர்ப்பது) பத்திரத்தில் இருந்தால் 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 9-வது பிரிவில் இடைக்கால மனு போடுங்கள். உத்தரவு கிடைத்தால் 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷனைத் தொடங்கியாக வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலும் கம்பெனி முதலில் முடக்குவது பில்லிங் சாஃப்ட்வேரைத்தான். விற்பனைக் கணக்கு, ஸ்டாக் விவரம், அவர்களுடைய ஏரியா மேனேஜரின் வாட்ஸப், மின்னஞ்சல் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஐந்து வருட ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மறுக்கிறார்கள். போன வருடம்தான் அவர்கள் சொல்லி இன்டீரியரை மாற்றினேன்.

“இரு தரப்பும் சம்மதித்தால் புதுப்பிக்கலாம்” என்று இருந்தால் உங்களுக்குப் புதுப்பிக்கும் உரிமையே இல்லை. “நிபந்தனைகளை நிறைவேற்றினால் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை ஃபிரான்சைஸிக்கு உண்டு” (ஃபிரான்சைஸி என்பது கடை நடத்தும் நீங்கள்) என்று இருந்தால்தான் உரிமை. இன்டீரியர் செலவைப் பொறுத்தவரை, “மாற்றுங்கள், இன்னும் ஐந்து வருடம் உண்டு” என்று எழுத்தில் எங்காவது சொல்லியிருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். டெபாசிட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். உண்மையான நஷ்டம் இல்லாமல் அதை அவர்கள் பிடித்துவைக்க முடியாது. திருப்பித் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு வருடம் அதே தொழில் செய்யக்கூடாதாம். கடை என் பெயரில்தான் வாடகைக்கு இருக்கிறது.

தாராளமாகச் செய்யலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, முடிந்த பிறகும் தொழிலைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது தடை செல்லும் என்பது 1995-இன் குஜராத் பாட்டிலிங் – கோகோ கோலா தீர்ப்பு. பழைய போர்டு, லோகோ, நிறம், ரெசிபி எதையும் தொடாதீர்கள். அங்கே மாட்டினால் டிரேட்மார்க் வழக்கு வரும். வாடகை ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் வைத்தீர்களே, கெட்டிக்காரத்தனம்.

சாம்பிள் சரியில்லை என்று அரசு எண்ணெய் நிறுவனம் எங்கள் பெட்ரோல் பங்க் டீலர்ஷிப்பை ரத்து செய்துவிட்டது.

மற்றவர்களைவிட உங்களுக்கு வழி அதிகம். அரசு நிறுவனம் தன்னிச்சையாக நடக்க முடியாது என்பதால் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். ஹர்பன்ஸ்லால் சாஹ்னியா வழக்கில் (2002), ஆர்பிட்ரேஷன் பிரிவு இருந்தும் உச்ச நீதிமன்றம் ரத்து உத்தரவை நீக்கியது. சாம்பிள் எடுத்த தேதி, லேபுக்குப் போன தேதி, சீல் எண் மூன்றையும் வரிசையாக எழுதி வக்கீலிடம் கொடுங்கள். இத்தகைய வழக்குகளில் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கம்பெனியின் எம்.டி.யே ஆர்பிட்ரேட்டரை நியமிப்பாராம். அதுவும் டெல்லியில்.

வழக்கில் அக்கறை உள்ளவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது. 2019-இலேயே பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுத்தில் ஆட்சேபணை தெரிவியுங்கள். டெல்லி என்று போட்டிருந்தால் டெல்லிக்குத்தான் போக வேண்டும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பிக்கு இதைவிடப் பாதுகாப்பு உண்டாமே?

உண்டு. அங்கே 1971 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. பொதுவாக 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் ரத்து செய்யவும் முடியாது, புதுப்பிக்க மறுக்கவும் முடியாது. கடை அந்த மாநிலத்தில் இருக்க வேண்டும், அந்த ஃபிரான்சைஸ் விற்பனை ஆண்டுக்கு 35,000 டாலரைத் தாண்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் இப்படி இல்லை; தம்பி அடுத்த கடையைப் பக்கத்து மாநிலத்தில் திறப்பதாக இருந்தால் அந்த ஊர்ச் சட்டத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.