குன்னூரிலிருந்து கோழிக்கோடு: சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்தலாம்?

தம்பி, உங்களுக்கு மீன் வேண்டும், மனைவி சைவம், கொண்டை ஊசி வளைவில் அவருக்குக் குமட்டும் என்கிறீர்கள். அப்படியென்றால் குன்னூரில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். கூடலூரில் ரெண்டு இட்லி போதும். நாடுகாணிச் சுரம் இறங்கி வழிக்கடவு தாண்டினால் பசி தானாக வரும்.

மதியச் சாப்பாடு நிலம்பூரில். அசைவக் கடையில் கேட்காமலே சோற்றில் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். இதில் கூச்சமே கூடாது. பேசாமல் சைவக் கடைக்கே போய்விட்டால் இன்னும் நல்லது. உங்கள் மீனுக்குக் கோழிக்கோடு இருக்கிறது.

அங்கே கல்லுமக்காயை விடாதீர்கள்: சிப்பிக்குள் அரிசி மாவு அடைத்து அவித்து, மிளகாய் மசாலா தடவிப் பொரித்தது. மனைவிக்கு நேந்திரம் பழத்தில் பழம்பொரியும், பால் விடாமல் எலுமிச்சை பிழிந்த சுலைமானித் தேநீரும். அல்வா மிட்டாய்த் தெருவில். கடைக்காரர் நீட்டும் துண்டைத் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.