எடை குறைக்க சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா போடலாமா?

போடலாம். ஸ்டீவியா ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பூட்டி. பலன் எவ்வளவு என்பது இப்போது நீங்கள் எவ்வளவு சர்க்கரை போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 5 கிராம், அதாவது 20 கலோரி. ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் மிச்சமாவது 120 கலோரி. "சர்க்கரைதான் போடலையே" என்று கூடவே இரண்டு பிஸ்கட் எடுத்தால் மிச்சம் அங்கேயே போய்விடும். எடைக் கட்டுப்பாட்டுக்குச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. நீண்ட கால நோக்கில் உடல் கொழுப்பு குறைந்ததற்குச் சான்று இல்லை என்பதே காரணம். ஸ்டீவியாவும் அதில் அடக்கம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். சுத்திகரித்த ஸ்டீவியா சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. ஒரு கரண்டி சர்க்கரைக்கு ஈடாக 25 மில்லிகிராமே போதும், அதைக் கையால் அளக்க முடியாது. அதனால் வேறு பொடியைக் கலந்து அளவைக் கூட்டுகிறார்கள். அது டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து செய்யும் பொடி) என்றால் கிராமுக்கு 4 கலோரி, ரத்தச் சர்க்கரையும் ஏறும். ஒரு கிராம் பாக்கெட்டில் தெரியாது. கரண்டி கரண்டியாகப் போட்டால் கணக்கில் வரும். எரித்ரிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பூட்டி என்றால் கிராமுக்கு 0.2 கலோரிதான், பெரும்பகுதி சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் ஒரே வேளையில் நிறையச் சேர்ந்தால் வயிறு உப்பும், பேதியாகும். ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. எரித்ரிட்டால்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் எடுக்க வேண்டாம்.

கசக்கிறது என்பதுதான் பலருடைய புகார். இனிப்பு போதவில்லை என்று மேலும் போடுவார்கள்; அளவு கூடினால் கசப்புதான் தூக்கும். வழக்கமான இனிப்பில் பாதிக்கு நிறுத்துங்கள். ஸ்டீவியா இலையில் உள்ள இனிப்புப் பொருட்களில் 'ரெப் ஏ', 'ரெப் எம்' இரண்டு வகைகள்; 'ரெப் ஏ'வைவிட 'ரெப் எம்' என்று குறிப்பிட்டிருப்பது கசப்பு குறைவு, விலை கூடுதல்.

கேக்கில் சர்க்கரையை முழுவதும் எடுத்துவிட்டு ஸ்டீவியா மட்டும் போட்டால் கேக் எழும்பாது, ஈரம் நிற்காது, மேலே சிவக்காது. இந்த மூன்றையும் செய்வது சர்க்கரைதான். எரித்ரிட்டால் கன அளவைத் தரும், ஆனால் ஆறியதும் படிகமாகி நறநறக்கும்.

தினசரி உச்சவரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் (ஸ்டீவியாவின் இனிப்புப் பொருட்கள் குடலில் சிதைந்து கிடைப்பது; ரெப் ஏ எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு). 60 கிலோ எடை உள்ளவருக்கு அது சுமார் 720 மில்லிகிராம் ரெப் ஏ. இது சுத்திகரித்த சாற்றுக்கான கணக்கு, இலையை அரைத்த பொடிக்குப் பொருந்தாது.